சப்வூஃபர் இருக்கும் வீட்டுக்கு எந்த புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டை மகாராஜநகர்ல இருக்கேன். பாட்டு கேக்குற ரூம் 14க்கு 11 அடி, உயரம் 10 அடி. காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. டிவி சின்னச் சுவர்ல. 12 அங்குல சீல்டு சப்வூஃபர் ஒண்ணு டிவிக்குப் பக்கத்து மூலையில கிடக்கு. ஆம்ப், ஆடிஸி மைக்கோட வந்த டெனான் ஏவி ரிசீவர். சோபா பின்சுவரோட ஒட்டி, கதவுக்கு வழிவிட்டு ஒரு ஓரமா இருக்கு. பழைய ஸ்பீக்கர மாத்திட்டு உருப்படியா ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் வாங்கணும். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா, கேஇஎஃப் ஆர்3 மெட்டா, பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 705 எஸ்3, இந்த மூணுக்கும் விலை கேட்டு வச்சிருக்கேன். கடைக்காரர் ஒருத்தர் "டவர் எடுங்க, சப்பே தேவைப்படாது"ன்னு சொல்லுதாரு. கேக்குறது காருகுறிச்சியார் நாதஸ்வரம், எண்பதுகள் இளையராஜா, வில்லுப்பாட்டு, ராத்திரியில படம். பக்கத்து வீடு ஒட்டினாப்ல இருக்கதால ரொம்ப சத்தமா வைக்க மாட்டேன். ஒரே குறை, பேஸ் கிட்டார்ல ஒண்ணு ரெண்டு நோட்டு மட்டும் ரூமையே ஆட்டுது, மத்தது இருக்க இடமே தெரிய மாட்டேங்கு. நல்ல ஸ்பீக்கர் வந்தா இது சரியாயிருமா?

பதில்: ஆகாது. அந்தக் குமுறல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, உங்கள் ரூமிலிருந்து வருகிறது. எத்தனை லட்சம் கொடுத்து எந்த ஜோடியை வாங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். அதனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் காசு செலவில்லாத வேலையை முடித்துவிடுங்கள்.

கணக்கு இதுதான். நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். ரூமின் நீளம் 14 அடி, அதாவது 4.27 மீட்டர். 350ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அகலம் 11 அடிக்கு 52 ஹெர்ட்ஸ், உயரம் 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். இந்த மூன்று இடத்திலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை நின்றுகொண்டு வீங்கும். இப்போது பேஸ் கிட்டாரைப் பாருங்கள். அதன் தடித்த தந்தி, ஈ, திறந்த நிலையில் 41.2 ஹெர்ட்ஸ். அடுத்த தந்தி ஏ, 55 ஹெர்ட்ஸ். முதலாவது உங்கள் நீளத்தின் மேலேயே உட்காருகிறது, இரண்டாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மற்ற இரண்டு தந்திகள் 73, 98 ஹெர்ட்ஸ். அவற்றுக்கு இந்த ஊக்கம் இல்லை. ஒன்றிரண்டு நோட்டு மட்டும் ரூமை ஆட்டுவது இதனால்தான்.

மூலை என்பது மூன்று அலைகளுக்கும் உச்சப் புள்ளி. அங்கே சப்பை வைத்தால் மூன்றும் முழு பலத்தோடு எழும்பும். பின்சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்தால் 41ஐயும் உச்சத்திலேயே வாங்கிக்கொள்கிறீர்கள். சப்பை டிவிச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், சுவருக்கு நாலு அங்குலம் விட்டு. அகலத்தின் நடுவில் 52 ஹெர்ட்ஸ் அலைக்குக் காற்றழுத்தம் பூச்சியம், அங்கே இருக்கும் சப்பால் அதை எழுப்பவே முடியாது. டிவி ஸ்டாண்ட் இடிக்கிறது என்றால் ஓரடி தள்ளி வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. சோபாவையும் அகலத்தின் நடுவுக்கு நகர்த்தி, காது பின்சுவரிலிருந்து ஐந்தடி முன்னால் வரும்படி போடுங்கள். 41 ஹெர்ட்ஸின் வீக்கம் ஏழு டெசிபல் அளவுக்கு இறங்கும். வீட்டில் "நடு ரூமில் சோபாவா" என்று கேட்பார்கள். கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது சண்டையில்லாத வழி.

மூன்றரை அடியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நீளத்தின் இரண்டாம் அலை 82 ஹெர்ட்ஸ், நீளத்தில் கால்பங்கு தூரத்தில் அது முழுதாகச் செத்துவிடும். 14 அடியில் கால்பங்கு மூன்றரை அடி. ஸ்பீக்கரிடமிருந்து சப்புக்கு ஒலி கைமாறும் இடம் 80, 90 வாக்கில். அங்கே பள்ளம் விழுந்தால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் அதை நிரப்பாது.

உயரத்தின் 57 ஹெர்ட்ஸை நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை, தரையில் நிற்கும் எந்த சப்பும் அதை எழுப்பும். மேட்டை வெட்டுவது, மைக்கால் ரூமை அளந்து ஒலியைத் திருத்தும் ஆடிஸிக்குக் கைவந்த வேலை, அதை அதனிடம் விட்டுவிடலாம். பழைய ஸ்பீக்கர் இருக்கும்போதே இதையெல்லாம் செய்து பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே கேட்கும்.

இனி டவர் யோசனை, அதாவது தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர். உங்கள் ரிசீவர் 80க்குக் கீழே உள்ளதை எடுத்து சப்புக்கு அனுப்பப் போகிறது. அப்போது டவரின் கீழ்ப்பாதி சும்மா நிற்கும். அனுப்பாமல் இரண்டையும் முழுதாகப் பாடவிட்டால் அது ஒரே வயலுக்கு இரண்டு மடையைத் திறந்த கதை, சில இடத்தில் தேங்கும், சில இடத்தில் அடித்துக்கொண்டு போகும். இன்னொன்று, பாட்டு கண்முன்னே மேடை போல விரிய ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடம் வேறு, ஆழ்ந்த பேஸ் சீராக வர வேண்டிய இடம் வேறு. டவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன, சப் தனியாக இருந்தால் தனித்தனியே வைக்கலாம். சப் இருக்கும் வீட்டில் ஸ்பீக்கரின் ஆழத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. 80க்கு மேலே அது எவ்வளவு சுத்தமாகப் பாடுகிறது, 80ஐச் சுற்றி மூச்சு வாங்காமல் தாங்குகிறதா, இந்த இரண்டுக்கும்தான் விலை.

அந்தக் கண்ணில் உங்கள் மூன்றையும் பார்ப்போம்.

எல்எஸ்50 மெட்டா 2020இல் வந்தது. ஐந்தேகால் அங்குலக் கோனின் நடு மையத்தில் ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம், 85 டெசிபல். கம்பெனி சொல்லும் கீழ் எல்லை, அதாவது சத்தம் மூன்று டெசிபல் குறைந்துவிடும் இடம், 79 ஹெர்ட்ஸ். தனியாக வாங்குகிறவருக்கு இந்த 79 ஒரு குறை. உங்களுக்கு இல்லை, அதற்குக் கீழே உள்ள வேலையைத்தான் சப் எடுத்துக்கொள்கிறதே. இன்னும் சொல்லப்போனால் இந்த ஸ்பீக்கருக்குத்தான் சப்பால் லாபம் அதிகம். ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் கோனே அதற்கு ஊதுகுழல் மாதிரி வேலை செய்கிறது. பேஸுக்காக அந்தக் கோன் முன்னும் பின்னும் பாய்ந்தால் மேல்ஸ்தாயியும் கூடவே கலங்கும். ஒரே சத்த அளவுக்கு, அலைவெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும். 80க்குக் கீழே வெட்டியதும் கோன் அசைவு சட்டென்று அடங்கி, குரலும் நாதஸ்வரமும் தெளிந்துவிடும்.

ஆர்3 மெட்டா, 2023இல் வந்தது, மூவழி ஸ்பீக்கர். பேஸுக்குத் தனி ஆறரை அங்குலக் கோன் இருப்பதால் மேலே சொன்ன கலக்கம் அதில் இயல்பாகவே குறைவு. 87 டெசிபல், 4 ஓம். சத்தமாகக் கேட்கிறவருக்கு, பெரிய ஹாலுக்கு, சந்தேகமில்லாமல் இதுதான். உங்கள் பேஸ் தொல்லைக்கு இது மருந்தில்லை.

705 எஸ்3, ட்வீட்டரைப் பெட்டியின் உச்சியில் தனிக் கூட்டில் வைத்த வடிவம். அருமையான வேலைப்பாடு, 88 டெசிபல். ஆனால் மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கலாகக் குரல் கொடுக்கும். கம்பளமும் கனத்த திரையும் உள்ள ரூமில் அது அழகு. டைல்ஸும் காங்கிரீட்டும் மட்டும் உள்ள உங்கள் ரூமில் நாதஸ்வரத்தின் தார ஸ்தாயி பத்து நிமிஷத்தில் காதைக் களைப்பாக்கிவிடும்.

உங்கள் ரூமுக்கும், கேட்கும் சத்தத்துக்கும் எல்எஸ்50 மெட்டாவே போதும் என்பது என் முடிவு. ஆம்ப் தாங்குமா என்ற பயம் வேண்டாம். எட்டடி தூரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து சராசரி 75 டெசிபல் தர மூன்றில் ஒரு பங்கு வாட் போதும். தவில் திடீரென்று இருபது டெசிபல் எகிறினால் அதற்கு நூறு மடங்கு, அதாவது 30 வாட் சொச்சம். டெனானுக்கு அது பெரிய வேலையில்லை, பேஸின் சுமையும் அதன் தலையில் இல்லையே. ஆர்3க்குப் போனால் ஆகும் அதிகப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

வந்ததும் முதல் வேலை, பெட்டியோடு தரும் நுரைத் தக்கையால் பின்புறப் போர்ட்டை, அதாவது காற்றுத் துளையை, அடைப்பது. போர்ட் வைத்த ஸ்பீக்கர் கீழே போகும்போது ஆக்டேவுக்கு (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் சரியும், அடைத்தால் சரிவு 12க்குப் பக்கத்தில் வரும். ரிசீவர் ஸ்பீக்கருக்குப் போடும் வெட்டும் 12. இரண்டும் கூடி 24 ஆகிவிட்டால், சப் பக்கம் ரிசீவர் போடும் 24 டெசிபல் சரிவோடு சரியாகப் பொருந்தும். அடைக்காவிட்டால் கைமாறும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். தக்கைக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு. திறந்த போர்ட் குளவிக்கும் பல்லிக்கும் கட்டிவைத்த வீடு.

இடம். டிவிச் சுவரில் இரண்டுக்கும் நடுவே ஆறரை அடி, பக்கச் சுவருக்கு இரண்டேகால் அடி, பெட்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் எட்டு ஒன்பது அங்குலம். "சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழு" என்ற பொது அறிவுரையை இந்த ரூமில் கேட்காதீர்கள். கோனின் முகம் சுவரிலிருந்து மூன்றரை அடியில் நின்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 82 ஹெர்ட்ஸில் நேர் எதிராக வந்து சேரும், மறுபடியும் கைமாறும் இடத்திலேயே பள்ளம். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பள்ளம் 165 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அங்கே அதைத் தணிக்க ஸ்பீக்கருக்குப் பின்சுவரில் நாலு அங்குலக் கனத்துக்கு ராக்வூல் பலகை துணி சுற்றி மாட்டலாம்.

பத்தமடைப் பாய் தொங்கவிட்டால் எதிரொலி அடங்குமா என்று நம் பக்கம் கேட்காதவர் இல்லை. அடங்காது. அவ்வளவு மெல்லிய கோரை, உச்ச ஸ்தாயியில் கொஞ்சம் மினுமினுப்பைக் குறைக்கும், அவ்வளவே. பக்கச் சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில் புத்தக அலமாரி, காலடியில் கனத்த ஜமுக்காளம், ஒரு மூலையில் மடித்து நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, இவை பாயைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

ஸ்டாண்டுக்குத் தனியாகப் பெருந்தொகை வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து காது உயரம் அளந்துகொள்ளுங்கள், 36 அங்குலம் வரும். இந்த ஸ்பீக்கரின் மையம் அடியிலிருந்து ஆறு அங்குலம், ஆக ஸ்டாண்ட் 30 அங்குலம். வெல்டிங் பட்டறையில் மூன்று அங்குலச் சதுரக் குழாயில் அடிக்கச் சொல்லி, மூன்றில் இரண்டு பங்கு காய்ந்த எம்-சாண்ட் நிரப்புங்கள். ஈரமணல் போட்டால் உள்ளே துரு ஏறும். டைல்ஸில் ஆணிக்கால் வேண்டாம், ரப்பர் கால் போதும். வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு இரட்டை வயர். நாலு மீட்டருக்கு இதற்கு மேல் செலவழிப்பதெல்லாம் கடைக்காரருக்குச் செய்யும் உதவி.

இனி ரிசீவர். சப்பின் பின்புறத்தில் உள்ள கிராஸ்ஓவர் (ஒலியை வெட்டும் இடம்) திருகை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ (படங்களின் தனி பேஸ் தடம்) என்று இருந்தால் அதில் வையுங்கள். அதுவும் ரிசீவரும் இரண்டு முறை வெட்டக் கூடாது. ஆடிஸியை ஃபேனும் ஏசியும் அணைத்து ஓட்டுங்கள், மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் காது உயரத்தில். முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். முன் ஸ்பீக்கரை அது பல சமயம் "லார்ஜ்" என்று போட்டுவைத்திருக்கும். "ஸ்மால்" (ஆழ்ந்த பேஸை ஸ்பீக்கருக்கு விடாமல் சப்புக்கு அனுப்பு) என்று மாற்றி, கிராஸ்ஓவர் 90 வையுங்கள். சப் நடுவில் இருப்பதால் 90 வைத்தாலும் பேஸ் ஒரு பக்கமிருந்து வருவதாகத் தெரியாது. சப்வூஃபர் மோட் "எல்எஃப்இ" மட்டும், "எல்எஃப்இ பிளஸ் மெயின்" போட்டால் ஒரே பேஸ் இரண்டு வழியாக வந்து பழைய குமுறல் திரும்பிவிடும். எல்எஃப்இக்கான லோபாஸ் 120இல் இருக்கட்டும்.

சப்பின் தூரம் என்று அது காட்டும் எண், டேப் வைத்து அளந்ததைவிட நாலைந்து அடி கூடுதலாக இருக்கலாம். தப்பு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. ஆனாலும் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது, சேர்மானம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சப்பின் ஃபேஸ் ஸ்விட்சை 180இல் தட்டிவிட்டு 90 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். காது இடத்தில் மொபைலில் டெசிபல் ஆப் போதும், நமக்கு வேண்டியது ஒப்பீடு மட்டும். ரிசீவரில் சப் தூரத்தை அரையடி அரையடியாக மாற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று குழிக்குள் விழும். அந்த எண்ணை அப்படியே வைத்து ஸ்விட்சை 0க்குத் திருப்புங்கள். உச்சத்தைத் தேடுவதைவிடக் குழியைத் தேடுவது எளிது, உச்சம் மொட்டையாக இருக்கும், குழி கூர்மையாக இருக்கும். 90 ஹெர்ட்ஸில் ஓர் அலை 13 அடி. ஆறரை அடி பிசகினாலே சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

காதால் சோதிக்க உங்களிடமே நல்ல சரக்கு இருக்கிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டும்போது வயிற்றிலிருந்து ஒரு "தும்", வாயில் பட்ட அடியின் "சட்". இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். "தும்" கொஞ்சம் பிந்தி வந்தாலோ, "சட்" மட்டும் இருந்து வயிறு காணாமல் போனாலோ சப் தூரத்தை மறுபடி பாருங்கள். வயிறு பெருத்துக் குடம் அண்டாவாகிவிட்டால் சப் லெவலை இரண்டு டெசிபல் இறக்குங்கள். காருகுறிச்சியார் 1964இல் காலமானவர், அவருடைய பதிவுகள் மோனோ. மோனோ என்றால் நாதஸ்வரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரு கைப்பிடி அகலத்தில் நிற்க வேண்டும். சுவர் முழுக்கப் பரவினால் ஸ்பீக்கரின் கோணமும் தூரமும் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. நாதஸ்வரத்தில் 80க்குக் கீழே ஒன்றுமே கிடையாது. பழைய பதிவுகளில் அங்கே இருப்பது 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரமும் தட்டின் உருமலும்தான், அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது சப்பை அணைத்துவிடுங்கள்.

எந்தப் பாட்டும் ஓடாதபோதே சப் "ம்ம்ம்" என்று முனகினால், முதலில் டிவியின் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. அந்த வயருக்கு ஐசொலேட்டர் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகினால் போகும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கூடாது. ராத்திரிப் படத்துக்கு டைனமிக் ஈக்யூவைப் போட்டுக்கொள்ளலாம், மெல்லிய சத்தத்திலும் பேஸ் ஒல்லியாகாது. பாட்டுக்கு அதன் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15இல் வையுங்கள், 0இல் விட்டால் பேஸ் வீங்கும்.

மிச்சம் பிடித்த பணம், உங்கள் சப்பின் அதே மாடலில் இன்னொன்றுக்கு. ஒன்று டிவிச் சுவர் நடுவில், ஒன்று நேர் எதிரே பின்சுவர் நடுவில். நீளத்தின் 41 ஹெர்ட்ஸ் அலையை முன்னதும் பின்னதும் எதிரெதிராகத் தள்ளுவதால் அது எழும்பவே எழும்பாது. இரண்டும் அகலத்தின் நடுவில் இருப்பதால் 52ம் வராது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் வைப்பது சீரான பேஸ் தரும் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் விளக்கியிருக்கிறார். ஈ தந்தியும் ஜி தந்தியும் ஒரே பலத்தில் நடப்பதை அப்போதுதான் கேட்பீர்கள். வேறு மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று கலக்காதீர்கள், இரண்டின் தாமதமும் சரிவும் வேறாக இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது ஸ்பீக்கரை முழு வீச்சில் பாடவிட்டு "பேஸ் பாருங்க" என்பார்கள். "ஸ்மால்" வைத்து 90இல் வெட்டி, சப் இல்லாமல் ஓர் ஆண் குரலையும் நாதஸ்வரத்தையும் போடச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கப்போகும் பகுதி அதுதான். பில்லில் இந்திய விநியோகஸ்தரின் வாரண்டியும் இரண்டு பெட்டியின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். மலிவாக வரும் வெளிநாட்டு வரவு ஜோடிக்கு இங்கே டிரைவர் மாற்ற ஆள் கிடைக்காது.